புயல் போன பிறகுதான் ஆபத்து!

'புயல் கரையைக் கடந்தாச்சு, இனி பயமில்லை' என்று நினைக்கிறோம், இல்லையா? கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவின் அனுபவம் வேறு!

2017 செப்டம்பர் 20-ல் 'மரியா' புயல் அந்தத் தீவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போனது. இறந்தவர்கள் 64 பேர் என்றது அரசு. மறு வருடம் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, 2018 பிப்ரவரி வரை கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 2,975 பேர்!

ஏன் இவ்வளவு? தீவு முழுக்க கரன்ட் போச்சு. பல ஊர்களில் மாதக்கணக்கில் வரவேயில்லை. டயாலிசிஸ், ஆக்ஸிஜன் இயந்திரம், ஃப்ரிஜ்ஜில் வைக்கும் இன்சுலின் எல்லாவற்றுக்கும் கரன்ட் வேண்டுமே! சாலைகள் உடைந்ததால் ஆஸ்பத்திரிக்கும் போக முடியவில்லை. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் வேறு. அதிகம் பாதிக்கப்பட்டது முதியவர்களும் ஏழைகளும்தான்.

ஆகவே, புயல் எச்சரிக்கை வந்தால் மெழுகுவத்தி மட்டும் போதாது. வீட்டு நோயாளிக்கான மருந்தும் சுத்தமான குடிநீரும்தான் முதலில்!