எண்ணெய் பட்ட மண் தேறிவிட்டதா? பயிரே சொல்லும்

சங்கரன்கோவில் வட்டாரக் கரிசல் காடுகளில் டீசல் என்ஜின் ஓடும் கிணற்றடியிலும், டிராக்டர் நிறுத்தும் இடத்திலும் எண்ணெய் சிந்துவதுண்டு. 2017 ஜூன் 30 அன்று தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து, கச்சா எண்ணெய் வயலிலேயே பரவியது. சிந்தியது சிறிதோ பெரிதோ, எண்ணெய் மண் துகள்கள் மீது படிந்து நீரையும் காற்றையும் தடுக்கிறது. கோடையில் கரிசல் வெடிப்புகளின் வழியே ஆழத்திற்கும் இறங்கிவிடுகிறது.

மண்ணைத் தேற்றுதல்

நன்றாக நனைந்த மேல்மண்ணை உடனே வெட்டி, கிணற்றுக்குத் தொலைவில் தார்ப்பாய் மீது குவிக்கவும். தீ வைக்கவோ, சோப்புத்தூள் கரைத்துக் கழுவவோ கூடாது. எஞ்சிய மண்ணில் மக்கிய தொழு உரமும் சிறிது யூரியாவும் கலந்து, ஈரம் காத்து, அவ்வப்போது கொத்திவிடவும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் எண்ணெயைச் சிதைக்கும். அவற்றுக்குக் காற்று, ஈரம், தழைச்சத்து மூன்றும் தேவை.

வாடை நின்றால் போதுமா?

போதாது. எளிதில் ஆவியாகும் பகுதி போனதும் வாடை குறையும். கனமான பகுதி மண்ணிலேயே தங்கும். வாடையை நம்பி விதைத்தால் விதையும் வீண், பருவமும் வீண்.

சோதனை முறை

1. எண்ணெய் பட்ட இடத்தில் மேல்மண்ணையும், ஒரு முழ ஆழத்து மண்ணையும் தனித்தனியே எடுக்கவும். அதே காட்டில் எண்ணெய் படாத மண்ணையும் எடுக்கவும். யூரியா இட்ட உடனே மண் எடுக்கக் கூடாது. அதுவும் முளைப்பைக் கெடுக்கும்.

2. ஒவ்வொரு மண்ணையும் மும்மூன்று தொட்டிகளில் நிரப்பி, தொட்டிக்கு 20 பாசிப்பயறு அல்லது மக்காச்சோள விதை ஊன்றவும். ஒரே அளவு நீர் விடவும். முளைப்பாரி இட்டுப் பழகிய வீட்டுப் பெண்களுக்கு இது கைவந்த வேலை.

3. ஏழாம் நாள் முளைத்தவற்றை எண்ணவும். பதினான்காம் நாள் செடிகளை மண் கரைத்து எடுத்து, வேரின் நீளத்தை அளக்கவும்.

நல்ல மண்ணில் 18 முளைத்து, கெட்ட மண்ணில் 9 முளைத்தால் மண் பாதிகூடத் தேறவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விதைக்கத் தகுதியில்லை என்பது உறுதி. முளைப்பு சமமாக இருந்தாலும் வேரைப் பாருங்கள். விதை தன்னுள் இருக்கும் உணவைக் கொண்டே முளைத்துவிடும். மண்ணின் குணத்தை நேரில் சந்திப்பது வேர்தான். வேர் குட்டையாக, பழுப்பாக இருந்தால் மேலும் கொத்தி, ஒரு மாதம் கழித்து மீண்டும் சோதிக்கவும்.

வேர் சமமாக வளர்ந்தாலும் எண்ணெய் முழுவதும் நீங்கிவிட்டதாகப் பொருளில்லை. கீரை, காய்கறி பயிரிடுமுன் ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதித்தல் நலம். ஆனியிலேயே சோதனையைத் தொடங்கினால் புரட்டாசி விதைப்புக்குள் விடை தெரிந்துவிடும்.