ஈரப் பெட்டிக்குள் என்ன பரப்புவது?

சிறுத்தைப் பல்லியின் விரல் நுனியில் சில நேரம் வெளிறிய வளையம் ஒன்று தெரியும். தோலுரித்தபோது கழலாமல் தங்கிவிட்ட பழைய தோல் அது. பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். காயக் காயச் சுருங்கி விரலை இறுக்கும். ரத்த ஓட்டம் நின்று நுனி கறுத்து, கடைசியில் உதிர்ந்தே போகும். வால் அறுந்தால் இந்தப் பல்லிக்குப் புது வால் முளைக்கும். விரல் முளைக்காது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் பரவலாக வளர்க்கப்படும் ஊர்வனவற்றில் சிறுத்தைப் பல்லியும் ஒன்று. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள். நம் சுவர்ப் பல்லிக்கு இல்லாத கண்ணிமை இதற்கு உண்டு. சுவர்ப் பல்லிக்கு இருக்கும் ஒட்டுவிரல் இதற்கு இல்லை. கண்ணாடித் தொட்டியின் சுவரில் ஏற முடியாது என்பதால் வாழ்நாளெல்லாம் தரையோடு தரையாகத்தான் கிடக்கும். அதனால் காலடியில் எதைப் பரப்புகிறோம் என்பது இதன் உடல்நலத்தை நேரடியாகத் தொடுகிற விஷயம்.

‘வறண்ட நாட்டுப் பிராணிதானே, ஈரம் எதற்கு?’ என்று பலரும் நினைக்கிறார்கள். கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளைத் 1854-இல் இந்த இனத்தை அறிவியல் உலகுக்கு விவரித்தார். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் கல்லும் புல்லும் நிறைந்த வறண்ட நிலங்களே இதன் தாயகம். ஆனால் பகல் வெயிலில் இது வெளியே அலைவதில்லை. பாறை இடுக்கிலும் வளைக்குள்ளும் பதுங்கியிருந்து, இருட்டியபின் இரை தேடக் கிளம்பும். மேலே மண் பொரிந்தாலும் வளைக்குள் காற்று ஈரப்பதத்தோடு இருக்கும். பல்லியின் தோல் பழகியிருப்பது அந்த ஈரத்துக்கு.

வளர்ப்பவர்கள் தொட்டிக்குள் வைக்கும் ஈரப் பெட்டி அந்த வளைக்கு மாற்று. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவின் பக்கவாட்டில் பல்லி நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் விளிம்பை மழுங்கத் தேய்த்து, உள்ளே ஈரமான எதையாவது பரப்பினால் பெட்டி தயார். தொட்டியில் பொதுவாக 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். பெட்டிக்குள் 70, 80 சதவீதம் இருக்கலாம்.

தோலுரிப்பு நடக்கும் விதத்தைப் பார்த்தால் இந்த ஈரம் ஏன் தேவை என்பது விளங்கும். பழைய தோலுக்கு அடியில் புதுத் தோல் முழுதாக உருவாகிறது. பிறகு இரண்டுக்கும் நடுவே திரவம் ஊறிப் பழையதைப் பிரிக்கிறது. அந்த நேரத்தில்தான் பல்லி சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். அப்புறம் வாயால் இழுத்து உரித்து, உரித்ததைத் தின்றும்விடும். காற்று காய்ந்திருந்தால் பழைய தோல் நெகிழாமல் விறைத்து, விரல், வால் நுனி, இமை போன்ற இடங்களில் ஒட்டிக்கொள்கிறது.

எதைப் பரப்பலாம்?

பரப்பும் பொருள் நீரைப் பிடித்து வைத்து மெல்ல விட வேண்டும். விழுங்கப்பட்டால் குடலை அடைக்கக் கூடாது. ரசாயனமோ நெடியோ கசியக் கூடாது. சீக்கிரம் அழுகவும் கூடாது. எல்லாவற்றிலும் முழு மதிப்பெண் வாங்கும் பொருள் எதுவும் கிடையாது.

ஸ்பாக்னம் பாசிதான் பலரின் முதல் தேர்வு. சதுப்பு நிலத்தில் வளர்வது. இதன் இலையில் பச்சையமுள்ள மெல்லிய செல்களுக்கு இடையே, துளையுள்ள பெரிய வெற்றுச் செல்கள் இருக்கின்றன. அவை நீர்த்தொட்டிகளாகச் செயல்படுவதால் பாசி தன் உலர்ந்த எடையைப்போல் சுமார் 20 மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். தன்னைச் சுற்றி அமிலத்தன்மையை உண்டாக்குவதால் நுண்ணுயிர்கள் பெருகுவதும் மட்டுப்படும். முதல் உலகப் போரில் பிரிட்டனில் புண்ணுக்குக் கட்டுப்போடவே இதைப் பயன்படுத்தினார்கள்.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. 1988-இல் அமெரிக்காவின் 15 மாநிலங்களில் 84 பேருக்கு ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்று பரவியது. மரக்கன்றுகளைப் பொதிய விஸ்கான்சினிலிருந்து வந்த ஸ்பாக்னம் பாசியே காரணம் என்று கண்டறிந்தார்கள். கீறல் வழியாக நுழையும் பூஞ்சை அது. ஆகவே பாசியைப் பிரித்து நனைக்கும்போது கையுறை அணிவது நல்லது. பச்சைச் சாயம் ஏற்றிய அலங்காரப் பாசியை வாங்கவே வேண்டாம்.

அடுத்தது தென்னை நார்த்தூள். பொள்ளாச்சிப் பக்கம் மஞ்சி மில்களில் தேங்காய் மட்டையை அடித்து நார் பிரிக்கும்போது உதிரும் பழுப்புத் தூள்தான். சலித்து, கழுவி, களத்தில் காயவைத்து, செங்கல்போல் அழுத்திக் கப்பலேற்றுகிறார்கள். இந்தியாவும் இலங்கையும் அனுப்பும் இந்தத் தூள் செடித்தொட்டிகளுக்கு மட்டுமல்லாமல் பல்லித் தொட்டிகளுக்கும் போகிறது. 650 கிராம் கட்டி ஒன்று நீரில் ஊறினால் ஏறக்குறைய 8 லிட்டராகப் பொங்கும். மட்டையில் இயல்பாகவே உப்பு உண்டு. உப்பங்கழியில் ஊறப்போட்ட மட்டையில் இன்னும் அதிகம். செடிகளுக்காகத் தயாராகும் சில வகைகளில் அந்த உப்பை நீக்கக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைப்பதும் வழக்கம். பல்லிக்கு வேண்டியது உரம் எதுவும் சேராத, நன்றாகக் கழுவிய வெறும் தூள்.

சமையலறைக் காகிதம் மலிவானது, அச்சும் வாசனையும் இல்லாததாகப் பார்த்து வாங்கினால் பாதுகாப்பானது. ஆனால் வேகமாகக் காயும். ஓரிரு நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பல்லியால் தோண்டவும் முடியாது.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் தேவதாரு, பைன் மரச்சீவலுக்கு. அவற்றின் நறுமண எண்ணெய் மூடிய பெட்டிக்குள் நுரையீரலுக்கு எரிச்சலூட்டும். உரம் கலந்த தொட்டி மண், பூனைக்கான மணல், நீரில் ஊதிப் பெருகும் ஜெல் மணி, விரலில் சுற்றிக்கொள்ளும் பஞ்சு ஆகியவையும் கூடாது. ‘செரிமானமாகும்’ என்ற விளம்பரத்தோடு வரும் கால்சியம் மணல் ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். ஈரப் பெட்டிக்கு அதைவிடப் பொருந்தாத பொருளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குடல் அடைப்பு யார் குற்றம்?

மண் துகளை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் காட்டில் இதே பல்லி மண்ணில்தான் இரை பிடிக்கிறது. ஆரோக்கியமான பல்லி ஒன்றிரண்டு துகளை எச்சத்தோடு வெளியேற்றிவிடும். தொட்டியில் சூடு குறைந்தால் குடலின் அசைவும் மந்தமாகும், ஏனென்றால் ஊர்வனவற்றின் செரிமானம் வெளிச் சூட்டை நம்பியது. உடலில் நீர் வற்றியிருந்தாலும் குடற்புழு இருந்தாலும் இதே கதை. கால்சியம் குறைந்த பல்லி மண்ணை வேண்டுமென்றே நக்கும். அடைப்பு வந்தால் மண்ணை மட்டும் குறை சொல்லாமல் இவற்றையும் சரிபார்க்க வேண்டும். ஈரத் துகள் பூச்சியின் மேல் ஒட்டி வாய்க்குள் போகும் என்பதால் ஈரப் பெட்டிக்குள் இரை போடக் கூடாது.

நனைக்கும் அளவுக்கும் கைக்கணக்கு உண்டு. ஒரு பிடி பாசியை இறுகப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. ஊறிச் சொதசொதவென்று கிடந்தால் வயிற்றுத் தோலில் கொப்புளம் வரும், பூஞ்சணம் பிடிக்கும். எச்சத்தைக் கண்டதும் அகற்றி, புளித்த வாடை வந்தால் முழுவதையும் மாற்றிப் பெட்டியைக் கழுவ வேண்டும்.

எதை வாங்குவது என்பதைப் பல்லியே தீர்மானிக்கட்டும். புதிதாக வந்தது, குட்டி, நோயாளி என்றால் காகிதம். எச்சத்தின் நிறமும் ரத்தக் கறையும் அதில் உடனே தெரியும். நல்ல நிலையில் இருக்கும் வளர்ந்த பல்லிக்குப் பாசி. முட்டை சுமக்கும் பெண் பல்லி தோண்டிப் புதைத்துத்தான் முட்டையிடும். அதற்குத் தோண்டிப் புதைக்கும் அளவுக்கு ஆழமாக நார்த்தூள் வேண்டும். பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்ற விவரம் அச்சிடப்படாவிட்டால், எந்தப் பல்லியானாலும் அந்த வாரத்தைக் காகிதத்தை வைத்தே ஓட்டலாம்.