தொழில்நோய்: கெடு எந்த நாளில் தொடங்குகிறது?

இயந்திரத்தில் கை சிக்கினால் நாளும் நேரமும் எல்லோருக்கும் தெரியும். தூசியால் நுரையீரல் கெடுவதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. பேராவூரணிப் பக்கத்துத் தேங்காய் நார் ஆலையிலோ திருப்பூர் நூற்பாலையிலோ உழைத்தவருக்கு மூச்சிரைப்பு பல ஆண்டு கழித்தே வரலாம். இழப்பீடு கேட்கப் போனால் முதலில் எழும் கேள்வி, கெடு முடிந்துவிட்டதா என்பதுதான்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டு ஆண்டுக்குள் மனு செய்யச் சொன்னது. நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போனால், அப்படி வராத முதல் நாளே விபத்து நாள். வேலைக்கு வந்துகொண்டே உடல்திறன் குறைந்தவருக்கு, முதலாளியிடம் அதை அறிவித்த நாளிலிருந்து கணக்கு. வேலையை விட்டவருக்கு, விட்ட இரண்டு ஆண்டுக்குள் அறிகுறி தோன்றினால், அது முதலில் கண்டறியப்பட்ட நாள்.

கடைசி விதிதான் பலரைக் கைவிடுகிறது. கல்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் தலைகாட்டப் பெரும்பாலும் பத்து ஆண்டுக்கு மேலாகும். கல்நார் நோய்க்கு இருபது, முப்பது ஆண்டுகூட ஆகும். இரண்டு ஆண்டு என்பது இவர்களுக்கு நியாயமான அவகாசமே அல்ல. தாமதத்துக்குப் போதிய காரணம் இருந்தால் மனுவை ஏற்கும் அதிகாரம் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு. நோயை முன்பே அறிய வழியில்லை என்பதை மருத்துவச் சான்றோடு காட்ட வேண்டும்.

கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இந்த நீண்ட காலத்தைக் கணக்கில் எடுத்தது. தொழிலாளரின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலை முடிந்தபின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க உத்தரவிட்டது.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் நோய்ப்பட்டியலில் பஞ்சுத் தூசி பெயரோடு இருக்கிறது. தேங்காய் நார்த் தூசி இல்லை. ஆனால் தாவர, விலங்குப் பொருள்களின் தூசியால் வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சி இருக்கிறது. ஆகவே மருத்துவர் வெறுமனே ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதினால் போதாது. நோயின் பெயரும் காரணமும் சீட்டில் இருக்க வேண்டும்.

இ.எஸ்.ஐ. பதிவு உள்ளவர் ஆணையரிடம் போக முடியாது; இ.எஸ்.ஐ. வழியாகவே கோர வேண்டும். மற்றவர்கள் வெளியூரில் வேலை பார்த்திருந்தாலும், தாம் வசிக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே மனு கொடுக்க 1923ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தந்தது.

2025 நவம்பர் 21 முதல் அதற்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. தமக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுத் தெளிவது அவசியம். மூச்சிரைப்புக்காக முதன்முதலில் மருத்துவமனை போன நாளின் ஓ.பி. சீட்டையும், வேலையை விட்ட தேதியைக் காட்டும் தாளையும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடக் கூடாது.