45 நாள் நாய்க்குட்டியை வாங்கலாமா? அந்த 11 நாளில் என்ன இருக்கிறது?

“45 நாள் குட்டிங்க. முதல் ஊசி போட்டாச்சு, தாராளமா தூக்கிட்டுப் போகலாம்.” நாய்க்குட்டி வாங்கப் போனவர்களில் பலர் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கு வேறு. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. அதாவது 56 நாள்.

வெறும் 11 நாள் வித்தியாசத்தில் அப்படி என்ன ஆகிவிடும்? குட்டியின் உயிரே போகலாம்.

தாய்ப்பால் தரும் கவசம்

பிறந்த குட்டிக்கு சொந்தமாக நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைவு. முதல் நாள் குடிக்கும் சீம்பாலில்தான் அது கிடைக்கிறது. அதிலும் ஒரு கெடு உண்டு. சுமார் 24 மணி நேரம் போய்விட்டால், பாலில் இருக்கும் எதிர்ப்புப் புரதங்களைக் குடல் ரத்தத்துக்குள் விடாது. அதனால்தான் பொறுப்பான பிரீடர் அன்று ராத்திரி தூங்க மாட்டார். கூட்டத்தில் முட்டி மோத முடியாத நோஞ்சான் குட்டியைத் தூக்கி, தாயின் காம்பில் சேர்த்துவிட்டுக்கொண்டே இருப்பார்.

இந்தக் கவசம் சில வாரங்களில் கரைந்துவிடும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தி இருக்கும்வரை தடுப்பூசியையும் அது வேலை செய்ய விடாது. குறையும்போது ஒரு கட்டம் வரும்: வைரஸைத் தடுக்கும் அளவுக்கு அது போதாது, ஆனால் ஊசியைத் தோற்கடிக்கும் அளவுக்கு மிச்சம் இருக்கும். இந்த இடைவெளி எந்த நாளில் வரும் என்பது ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் ஆகும்வரை ஊசியைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். ‘முதல் ஊசி போட்டாச்சு’ என்பது தொடக்கம் மட்டுமே, முழுப் பாதுகாப்பு கிடையாது.

செருப்பில் வரும் பார்வோ

இந்த இடைவெளிக்காகக் காத்திருக்கும் எதிரிதான் பார்வோ வைரஸ். 1978-ல் உலகின் பல நாடுகளில் திடீரென்று பரவியது, இன்றுவரை ஓயவில்லை. வாந்தி, ரத்தம் கலந்த பேதி, கடுமையான நீரிழப்பு. சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே 3 முதல் 7 நாள் ஆகலாம். துள்ளிக்கொண்டு வந்த குட்டி நாலாவது நாள் படுத்துவிடும். விற்றவரைக் கூப்பிட்டால், “நீங்க கொடுத்த சாப்பாடு ஒத்துக்கல” என்பார்!

இந்த வைரஸ் மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். செருப்பு, கை, துணி எல்லாவற்றிலும் ஒட்டிவரும். வழக்கமாகத் தரை துடைக்கும் திரவங்கள் பல இதனிடம் எடுபடாது. அழுக்கை நன்றாகக் கழுவிவிட்டு குளோரின் பிளீச் கரைசல் ஊற்றினால் சாகும். ஆகவே, குட்டி பார்க்கப் போன இடத்தில் “செருப்பை வெளியே விடுங்க, கை கழுவுங்க, இன்னைக்கு வேற எங்கயாவது நாய் பார்த்துட்டு வந்தீங்களா?” என்று கேட்டால் கோபப்பட வேண்டாம். அவர்தான் சரியான ஆள். யார் வந்தாலும் குட்டியைத் தூக்கிக் கையில் கொடுப்பவரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சூடும் எடையும் புழுவும்

முதல் இரண்டு வாரம் குட்டிக்குக் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. குளிர்ந்தால் நடுங்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளவும் தெரியாது. முதல் வாரத்தில் படுக்கும் இடம் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். மழைக்கால ராத்திரியில், ஈரத் தரையில், ஒரு கோணிப்பையை மட்டும் விரித்து விட்டால் போதாது. நல்ல பிரீடர் தினமும் ஒவ்வொரு குட்டியையும் தராசில் வைத்து எடையை எழுதுவார். எடை ஏறவில்லை என்றால் ஏதோ சரியில்லை. அழுகைச் சத்தம் வரும்முன் தராசு சொல்லிவிடும்.

உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்குள் போய்விடும் என்பதால், 2 வாரத்திலேயே குடற்புழு மருந்து ஆரம்பிக்க வேண்டும்.

கூடப்பிறந்தவர்கள் நடத்தும் பாடம்

அந்த 11 நாளில் இன்னொன்றும் நடக்கிறது. கூடப்பிறந்ததை அழுத்திக் கடித்தால் அது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். எவ்வளவு அழுத்தமாகக் கடிக்கலாம் என்பதைக் குட்டி இப்படித்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுக் குழந்தையின் கைதான் எடுக்கும்.

தாயைப் பார்க்காமல் வராதீர்கள்

தாய் நாய்க்கும் விதிகள் உண்டு: 18 மாதம் ஆகாமல் இனச்சேர்க்கை கூடாது, ஆண்டுக்கு ஒரு ஈற்றுதான், ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. நம்மூர் ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வர வாய்ப்பு அதிகம் என்பதால், குட்டியின் பின்னால் கைதட்டிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்கிறதா என்பதை உறுதிசெய்ய மருத்துவப் பரிசோதனை வேண்டும்.

மாநில விலங்குகள் நல வாரியப் பதிவுச் சான்று, மைக்ரோசிப் எண், ஊசி போட்ட தேதியோடு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட அட்டை, இவற்றைக் கேட்டு வாங்குங்கள். “அம்மா நாய் ஊர்ல இருக்கு” என்று சொன்னால், அட்வான்ஸ் கொடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.