ரெண்டாவது அடியில் வெடித்தால் எங்கே பார்க்கணும்?

எங்க அடி அண்ணாமலையில் பக்கத்துத் தெருப் பொண்ணு, துப்பாக்கிப் பயிற்சி முகாம் முடிஞ்சு வந்து கேட்டாள்: "அண்ணா, ட்ரிக்கரை அழுத்தினா டக்குனு சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அதே தோட்டாவை மறுபடி அடிச்சாங்க, வெடிச்சிடுச்சு. தோட்டா மட்டமா, இல்ல நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

அவள் மேல் தப்பில்லை. தோட்டா மேலும் இல்லாமல் இருக்கலாம். ரெண்டாவது தடவை வெடிச்சதுதான் இங்கே துப்பு.

என்.சி.சி. மாணவர்கள் பழகுவது .22 ரைபிள். பழைய .303 தோட்டாவில் தீ மூட்டும் மருந்து அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும். .22 தோட்டாவிலோ அது விளிம்பு மடிப்புக்குள் இருக்கிறது. ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீப்பிடிக்கும். நசுங்கணும்னா விளிம்பு குழாயின் பின்முகத்தில் அழுந்தி உட்கார்ந்திருக்கணும். அங்கே கரியும் மெழுகும் ஈயத் துகளும் படிந்திருந்தால் தோட்டா முழுசா உள்ளே போகாது. முதல் அடியின் வேகம் தோட்டாவை முன்னே தள்ளுவதிலேயே தீர்ந்துவிடும். ரெண்டாவது அடிக்குள் அது உட்கார்ந்துவிடுவதால் வெடிக்கிறது.

"நல்லாத்தானே துடைச்சோம், குழாய் பளபளன்னு இருந்துச்சே" என்பாள். சிக்கலே அதுதான். புல்-த்ரூ துணி குழாயின் அளவுக்கு வெட்டியது. தோட்டா உட்காரும் சேம்பர் அதைவிடக் கொஞ்சம் அகலம் என்பதால் துணி அங்கே அழுந்தாமல் நழுவிவிடும்.

அறிகுறியை வைத்து இடத்தைப் பிடிக்கலாம்:

போல்ட் மூடும்போது இறுக்கமா இருந்தால், சேம்பரும் விளிம்பு உட்காரும் பள்ளமும்.

போல்ட் சுலபமா மூடியும் விளிம்பில் ஊசித் தடம் லேசா விழுந்தால், ஊசி ஓடும் வழி. அங்கே பழைய எண்ணெய் பிசினாகி ஊசியைத் தடுக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் இருக்கும். முதலில் சுத்தம் செய்து பாருங்கள்.

காலிக் கூடு வெளியே வராவிட்டால், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் அழுக்கு.

பல் தேய்க்கும் பிரஷும் உலர்ந்த துணியும் போதும். எண்ணெயை ஊற்றாதீர்கள்; மெல்லிய பூச்சு போதும்.

டக்குனு சத்தம் மட்டும் கேட்டால் உடனே போல்டைத் திறக்கக் கூடாது. தாமதமா வெடிக்க வாய்ப்பு உண்டு. முனையை இலக்கிலேயே வைத்து, கை தூக்கி, குறைந்தது 30 விநாடி காத்திருக்கணும். காலியா என்று பார்த்த பிறகே துடைப்பது. பிரிப்பது பயிற்றுநர் முன்னால் மட்டும்.

அதே பெட்டித் தோட்டா பக்கத்து ரைபிளில் ஒழுங்கா வெடிக்குதா என்று அவரிடம் பார்க்கச் சொல்லும்மா என்றேன். வெடித்தால் தோட்டாவை விட்டுவிட்டு சேம்பரைத் தேய்க்கலாம்.