இல்லத்திலிருந்து கற்போரின் ஐயம் தீர்ப்பவர் யார்?

ஞானநூல்களைப் பயிலும் முறையைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு படிகளாக வகுத்துரைப்பது சைவ சித்தாந்த மரபு. அஞ்சல்வழியாகப் பாடநூல்களைப் பெற்று இல்லத்திலிருந்தே சாத்திரம் கற்க விழையும் அன்பர்கள் தடுமாறுவது பெரும்பாலும் மூன்றாவது படியிலேயே ஆகும். கேட்டலுக்கு ஈடாக நூல் வந்து சேர்ந்துவிடுகிறது. சிந்தித்தல் அவரவர் முயற்சி. ஆனால் தெளிவதற்கு, வினவினால் விடை சொல்ல ஒருவர் வேண்டும்.

இதனை நம் ஆசிரியப் பெருமக்கள் நன்கு உணர்ந்திருந்தனர். மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கனுள் ஒன்றாகிய உண்மை விளக்கம், மாணாக்கர் வினவ ஆசிரியர் விடையளிக்கும் முறையிலேயே அமைந்தது. ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று வினவிய சகலாகம பண்டிதருக்கு மெய்கண்டார் மறுமொழி ஏதும் கூறாது, அவரையே சுட்டிக்காட்டினார் என்பது திருவெண்ணெய்நல்லூர் வரலாறு. அப்பண்டிதரே பின்னர் அருணந்தி சிவாசாரியராய்ச் சிவஞான சித்தியாரை அருளிச்செய்தார். அந்த விடையை எந்த ஏட்டில் எழுதி அனுப்ப இயலும்?

இந்நாளில் பணி ஓய்வு பெற்றோரும் இல்லத்தரசியரும் ஆர்வத்துடன் பயிற்சிகளில் சேர்கின்றனர். நூற்கட்டு வந்த அன்றே முதற்பாடம் முடிந்துவிடும். இரண்டாம் பாடத்தில் 'சற்காரிய வாதம்' போன்றதொரு சொல் வழிமறிக்கும். கடிதம் எழுதுவர், மறுமொழி வாராது. சில திங்களில் அக்கட்டு பரணுக்குச் சென்றுவிடும். "நமக்கு இதெல்லாம் ஏறாது" என்று அவர்கள் தம்மையே நொந்துகொள்வதுதான் வருந்தத்தக்கது. குறை பெரும்பாலும் கற்பவரிடத்தில் இல்லை.

ஆகவே கட்டணம் செலுத்துமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்த்தல் நலம். பாடப்பொருள் பற்றிய ஒரு வினாவை எழுதி அனுப்பி, எத்தனை நாளில், எத்தகைய விடை வருகிறது என்று காணலாம். சேர்க்கைக்கு முன்பே விடையளியாதவர் சேர்ந்த பின் அளிப்பார் என்று நம்புதற்கில்லை. ஐயம் தீர்க்கும் ஆசிரியர் யார், அருகிலுள்ள ஊரில் நேர்முக வகுப்பு உண்டா என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும். எழுதி அனுப்பும் விடைத்தாள் மதிப்பெண் மட்டும் பெற்றுத் திரும்புமா, பிழையைச் சுட்டும் குறிப்புகளுடன் திரும்புமா என்பது இவற்றுள் தலையாயது. திருவாவடுதுறை ஆதீனம் பல ஊர்களில் நடத்திவரும் சைவ சித்தாந்தப் பயிற்சி, 'நேர்முகப் பயிற்சி' என்றே பெயர் பெற்றிருத்தல் ஈண்டு கருதத்தக்கது. திருமுறைப் பண்ணிசையோ இன்னும் அருமையுடையது. பாடிக் காட்டித் திருத்துவார் இன்றி அது கைவராது.

பட்டப்படிப்புக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1985இல் தொடங்கிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தொடங்கிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் கற்போர் உதவி மையங்களை வைத்துள்ளன. பெரும்பாலான பாடங்களில் ஒப்படைவுகளுக்கு 30 விழுக்காடும், இறுதித் தேர்வுக்கு 70 விழுக்காடும் மதிப்பெண் ஒதுக்கப்படும். எனினும் பல்கலைக்கழகம் ஒன்றேயாயினும் மையங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. வகுப்பு நடைபெறும் நாளில் மையத்திற்கு நேரில் சென்று, அங்குப் பயில்வோர் இருவரிடம் பேசினால் விளம்பரத் தாள் சொல்லாதது விளங்கும். அப்படிப்புக்கு அவ்வாண்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒப்புதல் உள்ளதா என்பதையும் தவறாது பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

பள்ளிக் கல்வியை இடையில் நிறுத்தியவர்க்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி உண்டு. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்தாண்டுகளில் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்பளிக்கும் நிறுவனம் அது.

முன்பே சேர்ந்து, துணையின்றி நிற்போரும் உளர். அவர்கள் பரணிலிருந்து கட்டை இறக்கி, தடைப்பட்ட இடங்களைப் பாட எண்ணுடன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளலாம். அதே நூலைப் பயிலும் இருவர் மூவர் சேர்ந்து, மாலை வழிபாட்டிற்குப் பின் திருக்கோயில் மண்டபத்தில் அரைமணி நேரம் அமர்ந்து படித்தால் குறித்தவற்றுட் சில அங்கேயே தீரும். எஞ்சியவற்றை அடுத்துச் சொற்பொழிவுக்கு வரும் புலவரிடம் அத்தாளோடு சென்று கேட்கலாம்.