டிரேட்மார்க் பதிவு: வழக்கறிஞரிடம் எதைக் கேட்க வேண்டும்?

டிரேட்மார்க் பதிவுக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. வியாபாரம் செய்பவரே மனு போடலாம். வேறொருவர் மூலம் போடுவதானால், 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் 145ஆம் பிரிவில் மூன்று வகையினரை அனுமதிக்கிறது: வழக்கறிஞர், பதிவுபெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட், மனுதாரரிடம் மட்டுமே தொடர்ந்து வேலை பார்க்கும் ஊழியர். கண்டுபிடிப்புகளுக்கான பேட்டன்ட் வேறு துறை. அறிவியல் அல்லது பொறியியல் பட்டத்தோடு, அதற்கென நடத்தப்படும் தேர்விலும் தேறியவர் பேட்டன்ட் ஏஜென்ட் ஆகலாம். டிரேட்மார்க் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால் ஏஜென்ட் வாதாட முடியாது. அங்கே வழக்கறிஞர்தான் வேண்டும். 'கன்சல்டன்சி' என்ற பெயர்ப்பலகையை நம்பிப் பணம் கட்டுகிறவர், மனுவில் கையெழுத்துப் போடப்போவது யார், அவர் இந்த மூன்றில் எந்த வகை என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணத்தின் பலன் பெரும்பாலும் மனு போடுவதற்கு முன்னால்தான் கிடைக்கிறது. படிவம் நிரப்புவது பெரிய வித்தையல்ல. அதே பெயரோ காதுக்கு அதேபோல ஒலிக்கும் பெயரோ ஏற்கெனவே பதிவில் இருக்கிறதா என்று தேடுவதிலும், சரக்கு எந்த வகுப்பில் வரும் என்று பிரிப்பதிலும்தான் அனுபவம் தெரியும். சரக்குகளும் சேவைகளும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சாம்பார் பொடி 30ஆம் வகுப்பு. அதே அடுப்படியில் தயாராகும் ஊறுகாய் 29. அதே பெயரில் நாளை மெஸ் திறந்தால் அது 43. ஒன்றில் மட்டும் பதிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் உரிமை வந்துவிட்டதாக நினைப்பவர்கள் ஏராளம்.

'இந்தப் பெயர் வேண்டாம்' என்று சொல்லத் துணிபவரே நல்ல ஆலோசகர். சரக்கின் தன்மையைச் சொல்லும் சொல்லையும் புகழ்ச்சிச் சொல்லையும் ஒருவர் தனக்கே சொந்தமாக்கிக்கொள்வது கடினம். ஐடிசி நிறுவனம் தன் நூடுல்ஸ் பாக்கெட்டில் 'மேஜிக் மசாலா' என்று போட்டிருந்தது. நெஸ்லே 'மேஜிக்கல் மசாலா' என்று போட்டதும் ஐடிசி 2013இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இவை உணவுத் தொழிலில் எல்லோரும் புழங்கும் சொற்கள் என்று சொல்லி, 2020 ஜூனில் வழக்கு தள்ளுபடியானது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே ஏழு ஆண்டுகள் ஆயின. 'சுத்தமான நல்லெண்ணெய்' என்ற பெயரைப் பதிந்து தருகிறேன் என்று யாராவது உறுதி கொடுத்தால் சந்தேகப்படலாம்.

மனு போட்ட பிறகு எல்லாமே தேதிக் கணக்கு. டிரேட்மார்க் பதிவகம் அனுப்பும் ஆய்வறிக்கை கைக்கு வந்த 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். பதிவகத்தின் இதழில் மனு வெளியானதும் மற்றவர்கள் ஆட்சேபிக்க 4 மாதம் உண்டு. ஆட்சேபணை வந்தால் 2 மாதத்துக்குள் எதிர்வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் மனு கைவிடப்பட்டதாகவே கருதப்படும். அதிகம் பேர் ஏமாறுவதும் இந்தக் கட்டத்தில்தான். பதிவகத்தின் கடிதங்கள் மனுவில் கொடுத்த ஏஜென்ட்டின் இமெயிலுக்குத்தான் போகும். அவர் பார்க்காமல் விட்டாலோ பாக்கிப் பணத்துக்காகப் பிடித்து வைத்தாலோ மனுதாரருக்கு எதுவும் தெரிய வராது. எனவே மனு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அது இருந்தால் பதிவகத்தின் இணையதளத்தில் மனுவின் நிலையைக் காசில்லாமல் யாரும் பார்க்கலாம்.

மனு யார் பெயரில் போகிறது என்பதும் கவனிக்க வேண்டிய ஒன்று. கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி தன் சொந்தப் பெயரில் பதிந்துவிட்டால், பிரியும்போது பெயர் யாருக்கு என்பதே வழக்காகும். லோகோவை வெளியாளிடம் வரையச் சொன்னவர் அதன் பதிப்புரிமையையும் எழுத்து மூலம் வாங்கிக்கொள்ள வேண்டும். பில் கட்டிவிட்டால் உரிமை தானாக வந்துவிடும் என்று இருக்கக் கூடாது.

கட்டணத்தில் அரசுக்குப் போவது வேறு, வழக்கறிஞருக்குப் போவது வேறு. தனிநபர், சிறு நிறுவனம், ஸ்டார்ட்அப் ஆகியோர் ஆன்லைனில் மனு போட ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. அரசுக் கட்டணத்துக்கும் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் தனித்தனி ரசீது கேட்கலாம். 'ஜெயித்தால் இவ்வளவு கொடுங்கள்' என்று வழக்கறிஞர் பேரம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஸ்டார்ட்அப்களுக்கு 2016 முதல் மத்திய அரசின் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பட்டியலில் உள்ளவரை அமர்த்தினால் அவருடைய கூலியை அரசே தரும். பதிவுக் கட்டணம் மட்டும் மனுதாரர் பொறுப்பு.

எதிர்த்தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்துபோய்ப் பலகையைக் கழற்ற வேண்டியதில்லை. எதிராளி பயன்படுத்தத் தொடங்கிய நாள், அவர் பதிவு செய்த நாள் ஆகிய இரண்டில் எது முந்தையதோ அதற்கும் முன்பிருந்தே அந்தப் பெயரில் தொடர்ந்து வியாபாரம் செய்பவருக்கு வணிகக்குறிச் சட்டத்தின் 34ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது. பதிவே இல்லாதவரும், பிறர் தங்கள் சரக்கை இவருடையது என்று நம்பவைத்து விற்பதை எதிர்த்து வழக்குப் போடலாம். ஆதாரமில்லாமல் மிரட்டுபவர் மீதே 142ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடரவும் வழியுண்டு. இவற்றுக்கெல்லாம் வேண்டியது பழைய பில் புத்தகம், அச்சக ரசீது, விளம்பரம், வரிக் கணக்கு. இவை இல்லாமல் வழக்கறிஞர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

வழக்கறிஞரே தவறிழைத்தால், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் 35ஆம் பிரிவின்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கண்டிப்பு, தற்காலிக நீக்கம், நிரந்தர நீக்கம் வரை தண்டனை உண்டு. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. நஷ்டஈட்டுக்குச் சிவில் வழக்குதான் வழி. பார் கவுன்சில் புகாரால் கைவிடப்பட்ட மனு உயிர்பெறாது. புதிதாகத்தான் போட வேண்டும். அது புதிய தேதியில்தான் பதிவாகும்.